இசைத்தட்டைக் கணினியில் ஏற்றினால் பாட்டு மெலிந்து கரகரவென்று வருகிறது, எங்கே தவறு?

தட்டுப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. மொத்தம் 64. பெரும்பாலும் எல்பி (33 வேகப் பெரிய தட்டு), கொஞ்சம் 45 வேகத் தட்டுகள், பெட்டியின் அடியில் கனமான 78 வேகத் தட்டுகள் ஒன்பது. அம்மாவுக்கு ஊசியை இறக்கக் கை நடுங்குகிறது. கணினியில் ஏற்றிக் கொடுத்தால் அவரே வேண்டும்போது கேட்பார் என்பதால்தான் இதில் இறங்கினேன்.

டர்ன்டேபிளின் பெல்ட் காய்ந்து நொறுங்கிப் போயிருந்தது. புது பெல்ட் வாங்கி மாட்டினேன், நன்றாகச் சுற்றுகிறது. பின்னால் வரும் சிவப்பு, வெள்ளை வயர்களை ஒரு மாற்றுப் பின் வழியாக லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினேன். பாட்டு கேட்கிறது, ஆனால் தகர டப்பாவுக்குள் பாடுவது போல் இருக்கிறது. அடித்தளமே இல்லை. மென்பொருளில் பாஸ் (தாழ்ந்த ஒலி) ஏற்றிப் பார்த்தேன், உறுமல்தான் ஏறியது. யூஎஸ்பி வைத்த புது டர்ன்டேபிள் வாங்கினால்தான் சரியாகுமா?

ஊசிமுனை

வாங்க வேண்டாம் தம்பி. உங்கள் டர்ன்டேபிளில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு கருவி விட்டுப்போயிருக்கிறது, அதன் பெயர் ஃபோனோ ப்ரீஆம்ப்.

தட்டு வெட்டும்போது பாட்டை அப்படியே வெட்டுவதில்லை. தாழ்ந்த ஒலிகளை முழு பலத்தோடு வெட்டினால் பள்ளம் அகல அகலமாக ஆடி அடுத்த பள்ளத்தில் போய் இடித்துவிடும், ஒரு பக்கத்தில் 20 நிமிடம் அடங்காது. அதனால் பாஸைக் குறைத்து வெட்டுவார்கள். உச்ச ஒலிகளை மாறாக ஏற்றி வெட்டுவார்கள். கேட்கும்போது அந்த உச்சத்தை மறுபடி இறக்கினால், தட்டின் சொந்த இரைச்சலும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். இதற்கான பொது அளவுதான் ஆர்ஐஏஏ வளைவு, 1954இலிருந்து பழக்கத்துக்கு வந்தது. ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடும். 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் ஏற்றும், 20 ஆயிரம் ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் இறக்கும். நீங்கள் கேட்ட தகர டப்பா ஒலி, இந்தத் திருப்பல் நடக்காத ஒலி.

இன்னொன்று, பலம். காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரைதான். கணினியின் லைன் இன் துளை (மற்றக் கருவிகளின் ஒலியை ஏற்கும் துளை) எதிர்பார்ப்பது அதைப்போல் நூறு மடங்குக்குப் பக்கம். மைக் துளை இதற்கு மாற்று ஆகாது. பெரும்பாலும் அது ஒற்றைத் தடம், மைக்குக்கான மின்னழுத்தமும் அதில் வரும், இரைச்சலும் அதிகம்.

அப்பா அந்த டர்ன்டேபிளை எதில் இணைத்துக் கேட்டார்? அந்த ஆம்ப்ளிஃபையர் வீட்டில் இருக்கிறதா?

நடுஇரவு

பின்னால் ஃபோனோ, லைன் என்று சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சில டர்ன்டேபிள்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே உண்டு. ஆனால் உள்ளேயும் ஒன்று, வெளியேயும் ஒன்று என்று இரண்டு சேர்ந்தால் பாட்டு ஊதிப்போய், கனத்து, கிழியும். ஒன்றுதான் இருக்க வேண்டும்.

தட்டுப்பெட்டி

ஸ்விட்ச் இல்லை. ஆனால் அப்பாவின் ஆம்ப்ளிஃபையர் பரணில் இருந்தது! பின்பக்கம் ஃபோனோ என்று ஒரு ஜோடித் துளை, பக்கத்தில் டேப் ரெக்கார்டு என்று இன்னொரு ஜோடி.

ஊசிமுனை

வேலை முடிந்த மாதிரிதான். டர்ன்டேபிள் ஃபோனோ துளைக்கு. டேப் ரெக்கார்டு துளையிலிருந்து கணினிக்கு. அந்தத் துளையில் வரும் ஒலிக்கும் ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழுக்கும் தொடர்பு இல்லை, அதனால் வால்யூமைத் திருகினாலும் பதிவு மாறாது. லேப்டாப்பில் லைன் இன் இல்லாவிட்டால் இரட்டைத் தட லைன் இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று போதும், எளியதே போதும்.

பழைய ஆம்ப்ளிஃபையர் என்பதால் குமிழ்களையும் தேர்வு ஸ்விட்சையும் மின்சாரம் இல்லாதபோது இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். உள்ளே படிந்த களிம்பு கொஞ்சம் விலகும். ஒரு பக்கம் மட்டும் ஒலி விட்டு விட்டு வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

தட்டுப்பெட்டி

இன்டர்ஃபேஸ் வந்தது. ஐயா, முதல் பாட்டு ஓடியபோது அம்மா அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அடித்தளம் எல்லாம் இருக்கிறது. நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

ஆனால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் விடாமல் ஓடுகிறது. ஊசி தட்டில் இல்லாதபோதும் இருக்கிறது.

மின்னலை

ஊசி மேலே இருக்கும்போதும் வருகிறது என்றால் அது மின்சாரத்தின் உறுமல், தட்டுக்குச் சம்பந்தமில்லை. முதலில், டர்ன்டேபிளிலிருந்து சிவப்பு, வெள்ளையோடு ஒல்லியாக மூன்றாவது வயர் ஒன்று வரும். நுனியில் கவைபோல் ஒரு தகடு இருக்கும். அது எர்த். ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளைக்குப் பக்கத்தில் திருகு இருக்கும், அதில் மாட்டுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால், கணினியும் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு வழியாக எர்த்துக்குப் போய் நடுவில் ஒரு வளையம் உருவாகியிருக்கிறது என்று பொருள். இரண்டையும் ஒரே பிளக் பலகையிலிருந்து எடுத்தாலே பல சமயம் குறையும். அப்புறம், டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபையரின் மேல் வைக்காதீர்கள். உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை கார்ட்ரிட்ஜ் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

தட்டுப்பெட்டி

மூன்றாவது வயர்தான்! டர்ன்டேபிளுக்கு அடியில் சுருட்டி ஒட்டப்பட்டிருந்தது. மாட்டியதும் அமைதி.

இனி பதிவு. மென்பொருள் ஆடாசிட்டி. எத்தனை பிட் (ஒவ்வொரு மாதிரியின் நுணுக்கம்), எத்தனை ஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஒலியிலிருந்து எடுக்கும் மாதிரிகள்) வைப்பது? ஒருவர் 16 பிட் போதும் என்கிறார், இன்னொருவர் 24 பிட், 96 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்தால் வீண் என்கிறார்.

செவிநுட்பம்

24 பிட், 96 ஆயிரம். யோசிக்கவே வேண்டாம். மறுபடி ஒருநாள் 64 தட்டுகளையும் உட்கார்ந்து ஓட்டப் போவதில்லை. வட்டில் இடம் இன்று பெரிய விஷயமும் இல்லை.

ஊசிமுனை

24 பிட்டுக்கு என் ஓட்டும் உண்டு, ஆனால் காரணம் வேறு. 16 பிட்டில் அடங்கும் ஒலி வீச்சு 96 டெசிபல். நல்ல தட்டில் கிடைப்பது 60, 70 டெசிபல் அளவுக்குத்தான். ஆகவே கேட்பதற்கு 16 பிட் தாராளம். பதிவு செய்யும்போது 24 பிட் தரும் சௌகரியம், அளவைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம் என்பது. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள், மைனஸ் 10 ஆனாலும் கவலையில்லை. பூஜ்யத்தை, அதாவது பதிவில் அடங்கும் உச்ச அளவைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. முதல் பாட்டை வைத்து அளவு பார்க்காதீர்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எங்கே பள்ளங்கள் அகன்று அலை அலையாகத் தெரிகின்றனவோ அங்கேதான் ஒலி பெரிது. அங்கே ஊசியை வைத்து அளவு பாருங்கள்.

96 ஆயிரம் ஹெர்ட்ஸில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. 48 ஆயிரத்தில் எடுத்தவற்றையும் மகிழ்ச்சியாகக் கேட்கிறேன்.

செவிநுட்பம்

கேட்பதற்கு வித்தியாசம் இல்லை என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் ஐயா. நான் 96 ஆயிரம் கேட்பது கிளிக் நீக்கத்துக்காக. கீறலின் சத்தம் கூர்மையானது, அதன் விளிம்பு உயர்ந்த அதிர்வெண்களில் தெளிவாகத் தெரியும். அதிக மாதிரிகள் இருந்தால் மென்பொருள் கீறலையும் தாளத்தின் அடியையும் பிரித்தறிவது எளிது. கணக்கும் சொல்லிவிடுகிறேன்: 24 பிட், 96 ஆயிரத்தில் நிமிடத்துக்கு சுமார் 35 எம்பி, 20 நிமிடப் பக்கத்துக்கு 700 எம்பிக்குப் பக்கம். 16 பிட், 44.1 ஆயிரத்தில் அதே பக்கம் 210 எம்பி.

நடுஇரவு

கணினியின் அமைப்புகளில் ஒலி மேம்பாடு, இரைச்சல் அடக்கம் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டுப் பதியுங்கள். அவை பேச்சுக்காகச் செய்தவை. நீண்ட சுருதியை இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்துங்கள்.

அலமாரி

இந்த இழையில் தட்டைக் கழுவுவதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கழுவாமல் பதிந்த தட்டை மென்பொருளில் சுத்தம் செய்வதென்பது, துவைக்காத வேட்டிக்குப் பெட்டி போடுவது.

பள்ளத்தில் படிந்த தூசி சத்தம் மட்டும் தராது. ஊசி அதை அரைத்துக்கொண்டே போகும், தட்டும் தேயும், ஊசியும் தேயும். நான் செய்வது இது. காய்ந்த தூசியைக் கார்பன் இழை பிரஷ்ஷால் சுற்றின் போக்கிலேயே எடுத்துவிடுவேன். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மிருதுவான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கில் மூன்று நான்கு சுற்று. ஒருபோதும் குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் வடிநீரில் இரண்டு முறை அலசல். இந்த அலசலைத் தவிர்ப்பவர்கள்தான் ‘கழுவியும் கரகரக்கிறது’ என்பார்கள், சோப்பு பள்ளத்தில் காய்ந்து நிற்கும். குழாய் நீரும் வேண்டாம், அதிலுள்ள உப்பு படியும். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது. நுண்ணிழைத் துணியால் ஒற்றி, நிற்க வைத்து, முழுக்க உலர்ந்தபின் ஓட்டுங்கள். கழுவிய தட்டைப் பழைய உறைக்குள் திருப்பிப் போடாதீர்கள், புது உள்ளுறை வாங்குங்கள்.

78 வேகத் தட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவை பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட், ஆல்கஹால் எது பட்டாலும் கரையும். சிலர் எல்லாத் தட்டுக்கும் ஒரே திரவம் என்று தெளித்துவிடுகிறார்கள், அந்தப் பள்ளங்கள் திரும்ப வராது.

ஊசிமுனை

அலமாரி அக்கா சொன்னதோடு ஒன்று. அந்த ஊசிக்கு எத்தனை வயது? வைர ஊசிதான் என்றாலும் சில நூறு மணி நேரத்தில் தேயும். தேய்ந்த ஊசியின் ஓரங்கள் உளியாகி உச்ச ஒலிகளைச் செதுக்கிவிடும். எத்தனை வயது என்று தெரியாத ஊசி என்றால் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடையை, கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொன்ன அளவுக்கு வையுங்கள். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு, லேசான ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளி இடிக்கும்.

தட்டுப்பெட்டி

ஊசியை மாற்றினேன். ஸ, ஷ ஒலிகளில் ‘ஸ்ஸ்’ என்று சீறியது பாதிக்கு மேல் போய்விட்டது. அது பாடகர் குரலில் இருக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

78 தட்டுகளுக்கு என்ன செய்வது? என் டர்ன்டேபிளில் 33, 45 மட்டும்தான்.

மின்னலை

அவற்றை இந்த ஊசியில் ஓட்டாதீர்கள். ஸ்டீரியோ எல்பிக்கான ஊசியின் நுனி சுமார் 18 மைக்ரான். 78இன் பள்ளத்துக்கு வேண்டியது 70, 75 மைக்ரான். ஒல்லியான ஊசி பள்ளத்தின் அடியில் விழுந்து குப்பையை மட்டுமே படிக்கும். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாக வருகிறதா பாருங்கள். அது கிடைத்தால் 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்து, மென்பொருளில் 73.33 சதவீதம் வேகம் கூட்டலாம். ஆனால் வேகத்தோடு ஆர்ஐஏஏ வளைவும் நகர்ந்துவிடும், தவிர 1954க்கு முந்திய தட்டுகளை வெட்டியவர்கள் ஆளுக்கொரு வளைவு வைத்திருந்தார்கள். அது தனி இழைக்கான விஷயம். எல்பிகளை முடித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

இரைச்சல்

புதிதாகத் தொடங்குகிறவர் என்பதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவின் 30 தட்டுகளைப் பதிந்தேன். இரைச்சல் குறைக்கும் வசதியைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் பலமாகப் போட்டேன், ஹெட்ஃபோனில் அமைதியாக இருந்தது. மூலப் பதிவுகளை இடத்துக்காக அழித்தேன். ஆறு மாதம் கழித்து நல்ல ஸ்பீக்கரில் கேட்டபோது குரலைச் சுற்றித் தண்ணீருக்குள் குமிழி விடுவது போல ஒரு ஒலி. வீணையின் மீட்டல் அடங்கும் வால் முழுக்க வெட்டுப்பட்டிருந்தது. அதற்குள் தட்டுகள் உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போய், ஈரத்தில் வீணாகிவிட்டன.

தொடாத பதிவு ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

தட்டுப்பெட்டி

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. வருந்துகிறேன் நண்பரே. இன்றே தனி வட்டு ஒன்றை ‘மூலம்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டேன்.

12 எல்பி முடிந்தன. ஒரு கேள்வி. அப்பாவுக்கு மிகப் பிடித்த தட்டில் ஒரு நீளக் கீறல். இரண்டாவது பாட்டு முழுக்கச் சுற்றுக்கு ஒரு முறை ‘டொக்’. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அந்த டொக்கோடுதான் அந்தப் பாட்டைப் பாடுவோம். எடுப்பதா, விடுவதா?

செவிநுட்பம்

எடுங்கள். பாடியவரும் வாசித்தவரும் அந்த டொக்கை வாசிக்கவில்லை. ஆடாசிட்டியில் தானியங்கி கிளிக் நீக்கத்தை மிதமாக வைத்து ஓட்டுங்கள், மிஞ்சுவதைக் கையால் சரிசெய்யுங்கள். ‘ரிப்பேர்’ என்ற கட்டளை ஒரே நேரத்தில் 128 மாதிரிகள் வரைதான் ஏற்கும், 96 ஆயிரத்தில் அது ஒரு மில்லிவினாடிக்குச் சற்று மேல். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, கீறலின் முள்ளை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

அலமாரி

நான் விட்டுவிடுவேன். அது அந்த வீட்டின் தட்டு. சுத்தமான பிரதி வேறு எங்காவது கிடைக்கும், இந்தக் கீறல் வேறு எங்கும் கிடைக்காது.

இரைச்சல்

இரண்டு பிரதி வையுங்கள். மூலம் இருக்கும்வரை இதில் சண்டையே இல்லை.

தட்டுப்பெட்டி

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். டொக் நீக்கிய பிரதியை அம்மாவுக்குப் போட்டேன். டொக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல்லவி முடிவதற்குள் “சுருதி ஏறியிருக்கே, அவசரமா பாடுற மாதிரி இருக்கே” என்றார். கணினியில் அப்படியெல்லாம் மாறாது அம்மா என்றேன். அவர் கூடவே பாடிக் காட்டி, “இவ்வளவு மேலே போகாது” என்று நிறுத்திவிட்டார். அவர் இந்தப் பாட்டை 40 வருடமாகப் பாடுகிறவர். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என்ன செய்வது?

ஊசிமுனை

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் புது பெல்ட் மாட்டியதாக முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். பெல்ட் தடிமனாக இருந்தால் மோட்டாரின் கப்பிக்குச் சுற்றளவு கூடிய மாதிரி ஆகும், தட்டு வேகமாகச் சுற்றும்.

சோதிக்க நல்ல அளவுகோல் உங்களிடமே இருக்கிறது. அந்த டொக்! கீறல் சுற்றுக்கு ஒரு முறைதான் ஊசியில் படும். 33⅓ வேகத்தில் ஒரு சுற்று சரியாக 1.8 வினாடி. மூலப் பதிவைத் திறந்து, ஒரு டொக்கிலிருந்து இருபது சுற்று தள்ளி வரும் டொக் வரை அளந்து பாருங்கள். 36 வினாடி வர வேண்டும்.

தட்டுப்பெட்டி

34.95 வினாடி. மூன்று தடவை அளந்தேன்.

ஊசிமுனை

3 சதவீதம் வேகம். அரைச் சுரத்தில் பாதி ஏறியிருக்கிறது. அம்மாவின் காதுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

12 தட்டையும் மறுபடி ஓட்ட வேண்டாம். கிளிக் நீக்கிய பிரதியில், சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து மைனஸ் 2.913 சதவீதம் கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை வேண்டாம், அது ஒலியைக் கெடுக்கும். மூலத்தைத் தொடாதீர்கள், அதன் பெயரிலேயே ‘3 சதவீதம் வேகம்’ என்று சேர்த்துவிடுங்கள். மீதித் தட்டுகளுக்கு முன் சரியான பெல்ட் மாட்டுங்கள், அல்லது மோட்டாருக்குப் பக்கத்தில் வேகம் திருத்தும் திருகு இருந்தால் அதில் சரிசெய்யுங்கள். தட்டின் ஓரத்தில் சிறு காகிதம் ஒட்டி எண்ணினால் மூன்று நிமிடத்தில் 100 சுற்று வர வேண்டும்.

தட்டுப்பெட்டி

திருகு அடிப்பக்கம் ரப்பர் மூடிக்குள் இருந்தது. திருகித் திருகி எண்ணியதில் இப்போது மூன்று நிமிடத்துக்கு 100. பழைய 12ஐயும் திருத்திவிட்டேன். ஒவ்வொரு பக்கத்தையும் பாட்டு பாட்டாக லேபிள் போட்டுப் பிரித்து, ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்புகளாக அம்மாவின் கருவியில் ஏற்றியாயிற்று. மூலங்கள் இரண்டு வட்டில் இருக்கின்றன, ஒன்று தங்கை வீட்டில்.

அந்தப் பாட்டுக்கு மட்டும் இரண்டு பிரதி கொடுத்தேன். அம்மா காலையில் கேட்பது டொக் உள்ளது. இன்று கூடவே பாடினார், நடுவில் நிறுத்தவில்லை.

நாளை 13ஆவது தட்டைக் கழுவ வேண்டும். அலமாரி அக்கா, இதன் லேபிள் ஓரத்தில் பூஞ்சை மாதிரி வெள்ளையாக இருக்கிறது. அதற்கும் அதே சோப்பு நீர்தானா?

அலமாரி

பள்ளத்தில் இருப்பதற்கு அதே நீர் போதும், ஊறவிட்டு இரண்டு முறை கழுவுங்கள். லேபிளின் மேல் இருப்பதை நனைக்காமல் காய்ந்த பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்டி எடுங்கள், மூக்கை மூடிக்கொண்டு. அதன் பழைய உறையை மற்றத் தட்டுகளோடு வைக்காதீர்கள்.